கீழே நிற்பவர் பேசாவிட்டால்

ஆடாத ஸ்டூலை என் தொழிலில் நான் இதுவரை பார்த்ததில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், நல்ல கனமான ஸ்டூல், ஆடவே ஆடாது என்று சொல்லித்தான் எடுத்து வருவார்கள். ஏறி நின்றதும் ஒரு கால் மட்டும் தரையில் பாவாமல் டக்கு டக்கென்று தட்டும். அதனால்தான் கூரையில் விளக்கு மாட்ட இரண்டு பேர் வேண்டும் என்பேன். ஒருவர் ஏற, ஒருவர் பிடிக்க. பேச்சை மாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. நடந்தது எல்லாமே இந்த இரண்டு பேர் விஷயத்தில்தான் இருக்கிறது.

என் நெற்றியைப் பற்றி உட்கார்ந்ததுமே கேட்டீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு வரிசையாகச் சொன்னால்தான் வரும்.

நான் எலெக்ட்ரீஷியன். எனக்கு ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவளை நான்தான் வளர்த்தேன். பொடிசு என்று கூப்பிடுவேன். வளர்ந்து என் உயரத்துக்கு வந்து நின்ற பிறகும் எனக்கு அவள் பொடிசுதான். படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த நாட்களில் என்னோடு வேலைக்கு வருவாள். ஸ்டூலைப் பிடிப்பது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். "நம்ம கம்பெனி" என்பாள். கம்பெனி என்றால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பையும்.

அவளிடம் ஒரே ஒரு குறை. வாய் ஓயாது. நான் மேலே கம்பியும் கையுமாக நிற்பேன், கீழே இருந்து, "அண்ணா, இந்த வீட்டுக்காரர் தலையில இருக்கறது சொந்த முடியா, விக்கா?" என்று கேட்பாள். சிரிப்பில் கை தடுமாறும். அதனால் ஒரு சட்டம் போட்டேன். ஏதாவது தப்பாக இருந்தால் மட்டும் கீழே நிற்பவர் வாயைத் திறக்க வேண்டும். பேசாவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம். மற்ற எலெக்ட்ரீஷியன்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். கீழே இருந்து "அணைச்சாச்சு" என்று குரல் வந்தால்தான் கை வைப்பார்கள். அதுதான் முறை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவளைப் பேசச் சொல்லிவிட்டால் பிறகு நிறுத்த முடியாது. எங்கள் வழக்கத்தால் எனக்கு ஒரு தடவைகூட ஷாக் அடித்ததில்லை.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அவளே பார்த்துப் பிடித்துக்கொண்ட ஆள். நான் குறுக்கே நிற்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். மனுஷர் சத்தமாகப் பேசுவார். தண்ணீர் கேட்டால் தெருவுக்கே கேட்கும். இயந்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து வேலை செய்கிறவர் வேறு எப்படிப் பேசுவார் என்று அவள் சொல்வாள். ஒரு முறை போனில் பேசிக்கொண்டிருக்கும்போது தட்டு விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. "கை தவறிடுச்சு அண்ணா" என்றாள். யார் கை என்று சொல்லவில்லை.

அவள் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சாயங்காலம் ஆனால் அவள் அறையில் விளக்கைப் போட்டு வைப்பேன், படுக்கப் போகும்போது அணைப்பேன். இருட்டான அறையைத் தாண்டிப் போவது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். ஆரம்பத்தில் தினமும் போன் செய்தவள், வாரத்துக்கு ஒரு முறை என்று குறைத்துக்கொண்டாள். நான் கூப்பிட்டால், "அப்புறம் பேசறேண்ணா, சினிமாவுக்குக் கிளம்பிட்டிருக்கோம்" என்பாள். யாரோ அவளைப் பேசவிடாமல் தடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

போன மாதம் என்னைப் பார்க்க வந்தாள். இடது புருவத்துக்கு மேலே கன்றிப்போய் வீங்கியிருந்தது.

"என்ன இது?" என்றேன்.

"அலமாரியில இடிச்சுக்கிட்டேன். எங்க கூடத்துக்கு ஜன்னலும் இல்ல, லைட்டும் இல்ல. அந்த அலமாரிக் கதவு வேற சாத்தினா நிக்காது, தானாவே திறந்துக்கும்."

"அலமாரிக்குக் கை முளைச்சிருக்கா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "நிஜமா அலமாரிதான். நான் ஏண்ணா பொய் சொல்லப் போறேன்?"

"வீட்டுக்கு வந்துடு பொடிசு."

"வந்துதானே உக்காந்திருக்கேன்."

"அப்படி இல்ல. வந்துடு."

"எனக்கு அதுதானேண்ணா வீடு" என்றாள். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிறவள் போல, "நீ வந்து கூடத்துச் சீலிங்ல ஒரு லைட் போட்டுக் குடு. சுவத்துல பழைய ஸ்விட்ச் ஒண்ணு சும்மாதான் இருக்கு, அதுலயே இணைச்சுடலாம். நம்ம கம்பெனி வேலை பண்ணி எவ்வளவு நாளாச்சு" என்றாள்.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் யாரிடம் போய்ச் சொல்வது? இதே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருந்தால் அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பீர்கள். அவள் அலமாரி என்றிருப்பாள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். மாப்பிள்ளையிடம் கேட்டால் இல்லை என்பார். எல்லாக் கதவையும் தட்டி ஓய்ந்தவன் போல ஆகிவிட்டேன். சொல்லப்போனால் ஒரு கதவையும் தட்டவில்லை. தட்டிப் பயனில்லை என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார். "வாங்க மச்சான், வாங்க!" என்று அவர் சொன்னது மாடி வீட்டுக்கும் கேட்டிருக்கும். அந்தக் கூடம் உண்மையிலேயே இருட்டுத்தான். ஒரு பக்கம் செருப்பு வைக்கிற தட்டு, ஒரு பக்கம் அச்சகத்திலிருந்து வந்த பழைய காகிதக் கட்டு, நடைக்கு நடுவே துருத்திக்கொண்டு அந்த இரும்பு அலமாரி. கதவு ஒழுங்காகச் சாத்தித்தான் இருந்தது. கதவிடுக்கில் மடித்த அட்டை ஒன்று சொருகியிருந்தது. கவனித்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

ஸ்டூலைப் பிடிக்கட்டுமா என்று மாப்பிள்ளை வந்தார். தங்கை அவரை ஒதுக்கிவிட்டாள். "நீங்க போய் டீ போடுங்க. இது எங்க கம்பெனி வேலை" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார்.

வேலை சுலபமான வேலை. அலமாரி மேல் டார்ச்சை எரியவிட்டு, மெயினை அணைத்துவிட்டு, சுவரிலிருந்து கூரைக்குக் கம்பி இழுத்து, ஹோல்டரை மாட்டினேன். பிறகு அவளிடம் மெயினைப் போடச் சொல்லி, சுவர் ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதே ஹோல்டரில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். அணைந்திருந்தால் டெஸ்டர் எரியக் கூடாது. எரிந்தது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். விளக்குக்கு இரண்டு கம்பி. ஒன்றில் மின்சாரம் வரும், இன்னொன்றில் திரும்பிப் போகும். ஸ்விட்ச் வருகிற கம்பியில் இருக்க வேண்டும். அந்த வீட்டில் எனக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் அதைத் திரும்புகிற கம்பியில் வைத்திருந்தான். அப்படி வைத்தாலும் விளக்கு எரியும், அணையும், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அணைந்த பிறகும் மின்சாரம் ஹோல்டர் வரைக்கும் வந்து நின்றுகொண்டிருக்கும். திருடன் வருகிற வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பின்கதவைப் பூட்டுவது மாதிரி.

டெஸ்டரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் பார்ப்போம், டார்ச் வெளிச்சத்தில் அது எரிவது தெரியாது. அதனால் கீழே இருந்தவள் பார்க்கவில்லை.

"சரியா இருக்காண்ணா?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தை நிமிர்த்தி நின்றாள். புருவத்துக்கு மேலே அந்தக் கன்றல் மஞ்சளாக மாறியிருந்தது. அடுப்படியிலிருந்து மாப்பிள்ளை, சர்க்கரை எங்கே என்று கத்தினார். அவள் தோள் ஒரு கணம் தூக்கிப் போட்டது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஸ்விட்ச்சைத் திறந்து சரிசெய்வது ஒரு டீ ஆறுகிற நேரத்து வேலை. நான் எதுவும் பேசவில்லை. பேசாவிட்டால் சரி என்று அவளுக்குத் தெரியும்.

நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான் எதையும் மாற்றிக் கட்டவில்லை. அந்தத் தப்பு சுவருக்குள் பல வருஷமாக இருந்தது. இருந்ததை இருந்தபடி விட்டேன். பல்பு விஷயத்தில் மட்டும் என் கை கொஞ்சம் உண்டு. அவள் புது பல்பு வாங்கி வைத்திருந்தாள். "இதைப் பத்திரமா அலமாரியில வை, அப்புறம் உதவும்" என்று சொல்லிவிட்டு, என் பையிலிருந்த பழையது ஒன்றை மாட்டினேன். எங்கோ கழற்றியது. கண் சிமிட்ட ஆரம்பித்திருந்த பல்பு. அதிக நாள் தாங்காது.

டீ குடிக்கும்போது மாப்பிள்ளையிடம் சொன்னேன். "பல்பு போச்சுன்னா நீங்கதான் மாத்தணும் மாப்பிள்ளை. இவளை ஏத்தக் கூடாது."

"எனக்கு உசரத்துல ஏறினா தலை சுத்தும் மச்சான்" என்றார்.

"ஒரு பல்பு மாத்தறதுக்கு என்ன தலைசுத்தல்? ஆம்பளை வீட்டுல இருக்கும்போது அவ எதுக்கு ஏறணும்? சொல்லுங்க, ஏத்த மாட்டேன்னு."

"சரி மச்சான். ஏத்தல." பிறகு அவரே கேட்டார். "மெயினை அணைச்சுட்டுத்தானே மாத்தணும்?"

"அதெல்லாம் வேண்டாம். மெயினைச் சும்மா சும்மா அணைச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுடும். ஸ்விட்ச்சை அணைச்சாப் போதும்."

தங்கைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று எவ்வளவு யோசித்திருக்கிறேன் பாருங்கள். வாக்கே வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. போன் அடித்தால் எடுக்கப் பயம். அடிக்காவிட்டாலும் பயம். திரும்பப் போய்ச் சரிசெய்துவிடலாம் என்று ஒரு முறை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். அங்கே நிற்கும்போது அவள் நெற்றி ஞாபகம் வந்தது. திரும்பி வந்துவிட்டேன். வரும் வழியில் அவள் அறைக்கு ஒரு புதுப் படுக்கை விரிப்பு வாங்கினேன். அவளுக்குப் பிடித்த பச்சை நிறம். எப்படியும் கொஞ்ச நாள் அழுவாள், பிறகு சரியாகிவிடும், பழையபடி வேலைக்கு என்னோடு வருவாள் என்று நினைத்தேன். விரிப்பை விரித்தும் வைத்தேன்.

அந்தச் சாயங்காலம் போன் வந்தது. அவள்தான்.

"அண்ணா, நீ போட்ட பல்பு உயிரை விட்டுடுச்சு" என்றாள் சிரித்துக்கொண்டே. "பாத்திரம் கழுவிட்டிருந்தேன், படக்குனு போச்சு. புதுசை எடுத்துட்டேன். இப்ப ஸ்டூல் மேல நின்னுதான் பேசறேன். ஸ்பீக்கர்ல போட்டுத் தோள்ல இடுக்கியிருக்கேன். இவர் கீழ பிடிச்சுட்டு நடுங்கறார், நீயே ரெண்டு வார்த்தை சொல்லு."

மாப்பிள்ளையின் குரல் கீழே இருந்து வந்தது. "மச்சான், மன்னிச்சுக்குங்க. நான் ஏறிப் பாத்தேன், கண்ணைக் கட்டிடுச்சு, இறங்கிட்டேன். சொன்ன வாக்கைக் காப்பாத்த முடியல. மெயினையாவது அணைச்சுடலாம்னா இவ கேக்க மாட்டேங்கறா. நீங்க சொன்னா கேப்பா. சொல்லுங்க மச்சான்."

"மெயினை அணைச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுடும்னு அண்ணன்தானே சொன்னார்?" இது அவள். "ஸ்விட்ச்சை அணைச்சாச்சு. போதும்ல அண்ணா?"

இறங்கு என்று ஒரு வார்த்தை. அது என் வாய்க்குள் வந்து நின்றது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஏன் என்று மாப்பிள்ளை கேட்பார். எழுத்துப் பிழை பார்க்கிற கண் அவருக்கு. அன்றைக்கு ஸ்விட்ச் போதும் என்றீர்கள், இன்றைக்கு என்ன ஆயிற்று என்பார். மெயினை அணைத்துவிட்டு ஸ்விட்ச்சைத் திறந்து பார்ப்பார்கள். மாப்பிள்ளைக்குப் புரியாவிட்டாலும் தங்கைக்குப் புரிந்துவிடும், நான் கற்றுக்கொடுத்த தொழில்தானே. அதற்குப் பிறகு அவள் என் முகத்தில் விழிப்பாளா? என் வீட்டு வாசல்படி ஏறுவாளா? அதனால் சரியான பதில் ஒன்று யோசித்தேன். உன் கை ஈரமாக இருக்கிறது, அதனால் இறங்கு என்று சொல்லலாம். அந்த ஏரியாவில் இன்றைக்கு மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று சொல்லலாம். நல்ல பதிலாக ஒன்று கிட்டத்தட்ட வந்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்று அவள் மாப்பிள்ளையிடம் சொல்வது கேட்டது. "அண்ணன் பேசல. பேசலைன்னா சரின்னு அர்த்தம். எங்க கம்பெனி சட்டம் அது."

பிறகு ஸ்டூல் சாய்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை சத்தமாகப் பேசுகிறவர் என்று சொன்னேன் அல்லவா? அவர் குரல் அந்த அளவுக்கு எழும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விபத்து என்றார்கள். டாக்டரும் அப்படித்தான் சொன்னார், உங்கள் ஆட்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார்கள். மெயினை அணைத்துவிட்டு, யாரும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு, நேற்று, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மறுபடியும் அங்கே போனேன். ஸ்விட்ச்சைச் சரிசெய்து வைக்கத்தான் போனேன். வேறு யாருக்கும் ஆபத்து வந்துவிடக் கூடாது என்ற எண்ணம்தான். கதவு திறந்தே கிடந்தது. மாப்பிள்ளை உள்ளறையில் படுத்திருந்தார். வெளியே நல்ல வெயில், ஆனால் அந்தக் கூடத்தில் என் கையே எனக்குத் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு வேகமாக நடந்தேன். நெற்றியில் ஏதோ ஓங்கி அடித்தது. கண்ணுக்குள் பொறி பறந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை செல்போன் வெளிச்சத்தோடு வந்தார். அலமாரிக் கதவு விரியத் திறந்து நின்றது. புது பல்பை எடுக்கும்போது அவள் உருவிய அட்டை கீழே கிடந்தது. என் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை அவர் பார்த்தார், எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு துண்டை நனைத்து எடுத்து வந்து என் நெற்றியில் வைத்து அழுத்தினார்.

"பாத்து வரக் கூடாதா மச்சான்? அவளும் இங்கதான் இடிச்சுக்கிட்டா. இதே இடம். ரெண்டு பேரும் ஒரே உசரம் இல்லையா" என்றார். அப்போதும் சத்தமாகத்தான் சொன்னார். "இந்தச் சனியன் பிடிச்ச கதவு நிக்கவே நிக்காது. அதுக்குத்தானே லைட்டே கேட்டோம்."

அந்த ஈரத் துண்டு நெற்றியில் இருக்கும்போது என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஸ்விட்ச்சைத் திறந்து அவர் வெளிச்சத்திலேயே காட்டினேன். வருகிற கம்பி, திரும்புகிற கம்பி, எல்லாம் காட்டினேன். டெஸ்டர் எரிந்ததைச் சொன்னேன். பல்பைச் சொன்னேன். போனில் நான் ஏன் பேசவில்லை என்பதையும் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. துண்டைப் பிடித்திருந்த கை மட்டும் மெதுவாகக் கீழே இறங்கியது. காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, தொண்டையே இல்லாதவர் மாதிரி அழுதார். உங்களுக்குப் போன் செய்தது நான்தான். அவரால் பேச முடியவில்லை.

அலமாரி என்னை இடித்தது என்பதால் அவளையும் அதுதான் இடித்தது என்று ஆகிவிடாது. மாப்பிள்ளை ஒரு தடவையாவது அடித்திருப்பார். தட்டு உடைந்ததை நான் என் காதால் கேட்டேன். இப்படி நினைக்காவிட்டால் நான் எங்கே போவேன், சொல்லுங்கள். பொடிசுக்காகத்தான் எல்லாம் செய்தேன். அவள் அறையில் அந்தப் பச்சை விரிப்பு இன்னும் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. நீங்களே ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு அங்கே விளக்குப் போட ஆள் இல்லை.

இப்போது என் நெற்றி. நான் சொன்னதைக் கேட்டதும் மாப்பிள்ளை ஆத்திரத்தில் அடித்திருப்பார், அவரைக் காப்பாற்ற நான் மறைக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தயவுசெய்து அவர் மேல் எதையும் எழுதாதீர்கள். அவர் என் மேல் கை ஓங்கவே இல்லை. கூடத்துக்கு ஜன்னல் கிடையாது, வெளிச்சமும் இல்லை, கதவு தானாகவே திறந்துகொள்ளும்.

அலமாரிதான் ஐயா. நான் ஏன் பொய் சொல்லப் போகிறேன்?